இம்பி போடாத கையெழுத்து

கல்யோவின் கைபேசி அடித்தபோது அவருடைய இரண்டு கைகளும் மீன் எண்ணெயில் மினுங்கிக்கொண்டிருந்தன.

புகையடுப்புக்குள் நாக்குமீன்கள் வாலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கின. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால்தான் தோல் பொன்னிறமாகும். அவர் முழங்கையாலேயே கைபேசியை அழுத்தி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"சார், வெய்கோ பேசறேன். அக்கரை, பார்னுலேர்ந்து. சனிக்கிழமை டிரெய்லர் கொண்டு வரேன். உங்க இறங்குதுறை வரைக்கும் வண்டி வருமா, இல்ல ரோட்டுலயே நிறுத்தணுமா?"

"எதுக்கு டிரெய்லர்?"

"படகை ஏத்தத்தான்."

"எந்தப் படகை?"

"'விலாங்கு' சார். வேற எத்தனை படகு வச்சிருக்கீங்க?" மறுமுனையில் கலகலவென்று சிரிப்பு. "நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் செவ்வாய்க்கிழமையே வந்துடுச்சு. ரொம்ப நன்றி சார். இப்படி ஒரு பழைய மரப்படகுக்காக ரெண்டு வருஷமா அலையறேன்."

கல்யோ நிமிர்ந்தார். கைபேசி நழுவி விறகுக் குவியலில் விழுந்தது.

அறுபத்தெட்டு வயது மனிதர். பழைய ஆட்சியின் மீனவர் கூட்டுப்பண்ணையைக் கலைத்துச் சொத்தைப் பிரித்த வருஷத்தில், மற்றவர்கள் டிராக்டருக்கும் பசுவுக்கும் அடித்துக்கொண்டபோது, யாரும் சீண்டாத அந்தப் படகை வாங்கி ஒரு குளிர்காலம் முழுக்கப் பலகை மாற்றியவர். எங்கள் தீவில் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. கரைக்குப் போய் 'விலாங்கு' நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நின்றால் மனுஷன் வீட்டில் இருக்கிறார்.

அந்தப் படகை விற்றுவிட்டாராம். அவரே கையெழுத்துப் போட்டாராம்.

இங்கே அடையாள கார்டைக் கணினியில் செருகிப் பின் நம்பர் அடித்தால் அதுவே கையெழுத்து. அவருக்குத் தன்னுடைய பின் நம்பர்கூடத் தெரியாது!

வேனைக் கிளப்பினார். மீன் பாதி வெந்தும் வேகாமலும் தொங்கியது.

தீவின் சிறு நகரமான கார்த்லாவில் ரொட்டிக்கடைக்கு மேல் மாடியில் திரீனுவின் அலுவலகம். கல்யோவின் அக்கா மகள். வக்கீல். தீவில் சொத்து வாங்கினாலும் விற்றாலும், சண்டை போட்டாலும் சமாதானமானாலும் அவளுடைய மாடிப்படி ஏறாமல் முடியாது.

கல்யோ செய்தித்தாளில் சுற்றிய நேற்றைய நாக்குமீனை அவள் மேசைமேல் வைத்தார்.

"மாமா, ஆபீஸே நாறும்."

"நாறாது, மணக்கும். கதவைச் சாத்து முதல்ல. என்னைத் திருடிட்டாங்க."

"உங்களை என்னத்தைத் திருடினாங்க?"

"என்னையேடி! எவனோ ஹேக்கர். என் கையெழுத்தைப் போட்டுப் படகை வித்துட்டான்."

திரீனு சிரிக்கவில்லை. வெய்கோவின் எண்ணை வாங்கினாள். தான் கல்யோவின் வக்கீல் என்று சொல்லி இரண்டு வரி எழுதினாள். பதிலோடு ஒப்பந்தமும் வந்து விழுந்தது. திறந்தாள். கல்யோ கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இழுத்துவிட்டு அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"கையெழுத்து அசல் மாமா."

"அசலா?"

"உங்க பேரு, உங்க அடையாள எண், செவ்வாய்க்கிழமை காலைல. எல்லாம் பச்சை டிக். போன்ல போட்டதில்ல, கார்டை ரீடர்ல செருகிப் போட்டது. ஹேக்கர் வந்திருந்தா உங்க வீட்டுக் கதவைத் தட்டித்தான் வந்திருக்கணும். கார்டு எங்க?"

"உன் அத்தை இம்பிகிட்ட. நீல டப்பால, காபித்தூள் பக்கத்துல. மாத்திரை வாங்கறதுக்கு அதானே வேணும்? அவதான் மருந்துக்கடைலேர்ந்து வரும்போது வாங்கிட்டு வருவா."

"பின் நம்பர்?"

"அதுவும் இம்பிக்குத்தான் தெரியும். வரி கட்டறது, ஓட்டுப் போடறது, கணினில எல்லாம் அவதான்."

"உங்க ஓட்டையுமா?"

"நான் பக்கத்துல நின்னு சொல்லுவேன்டி."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது.

கீழே ரொட்டிக்கடையில் யாரோ மணியடித்துக் கதவைத் திறந்தார்கள்.

"இம்பியா?" என்றார் கல்யோ.

"அத்தைதான்" என்றாள் திரீனு.

கல்யோ நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கு முன் அதன்மேல் இருந்த கோப்புகளை எடுக்க மறந்துபோனார்.

"சரி. இது என் கையெழுத்து இல்லைன்னு சொல்லிடு. முடிஞ்சு போச்சு."

"அவ்வளவு சுலபமில்ல மாமா. பேனால போட்டிருந்தா, இந்தச் சுழி என்னோடது இல்ல, இந்தக் கோடு நடுங்குதுன்னு சொல்லலாம். இதுல சுழியும் கிடையாது, கோடும் கிடையாது. உங்க கார்டு, உங்க நம்பர். சட்டத்தைப் பொறுத்தவரைக்கும் நீங்க கைப்பட எழுதினதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. இல்லைன்னு நீங்க சொன்னா, பின்ன யார்னு கேப்பாங்க."

"கேட்டா?"

"அத்தை பேரைச் சொல்லணும். அடுத்தவங்க கார்டுல கையெழுத்துப் போடறது குற்றம். போலீஸ் கேஸ் ஆகும். மருந்துக்கடைல வேலை செய்யறவங்க. அந்த வேலை நிக்குமான்னு எனக்குத் தெரியாது."

கல்யோ யோசிக்கக்கூட இல்லை.

"நான்தான் போட்டேன்."

"மாமா..."

"நான்தான்டி போட்டேன். செவ்வாய்க்கிழமை காலைல. காபி குடிச்சேன், கையெழுத்துப் போட்டேன். எழுதிக்கோ."

"அப்ப படகு?"

கல்யோ சன்னலைப் பார்த்தார். அங்கிருந்து கடல் தெரியாது. ஆனாலும் அந்தப் பக்கம்தான் பார்த்தார்.

திரீனு திரைக்குத் திரும்பினாள். ஒப்பந்தத்தின் கடைசிப் பகுதி வரை உருட்டிக்கொண்டு போனவள் சட்டென்று நிறுத்தினாள்.

"இருங்க. இதுல மூணு கையெழுத்து வேணும். விக்கிறவர், வாங்கறவர், விக்கிறவரோட மனைவி. கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கின படகு, ரெண்டு பேருக்கும் சொந்தம்னு எழுதியிருக்கு. மூணும் விழுந்தாத்தான் ஒப்பந்தம் செல்லும், அதுவும் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள. இப்ப ரெண்டுதான் இருக்கு."

"எது இல்ல?"

"அத்தையோடது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என் கையெழுத்தைப் போட்டவ, அவ கையெழுத்தைப் போடலையா?"

"போடல. மறந்துட்டாங்களோ என்னவோ."

"இம்பியா?" கல்யோ முதல் முறையாகச் சிரித்தார். "ஊர்ல யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவா. மறக்கறதாவது."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கும், சோம்புக்கீரை தூவிய தயிரும், பாதி வெந்த நாக்குமீனும்.

"மீனுக்கு என்ன ஆச்சு?" என்றாள் இம்பி. குள்ளமான உருவம். நரைத்த முடியை ஆண்பிள்ளை போல் ஒட்ட வெட்டியிருந்தாள். "பச்சையா இருக்கு."

"நடுவுல ஒரு வேலை வந்துடுச்சு."

"புகையடுப்பை விட்டுட்டுப் போற அளவுக்கு என்ன வேலை உனக்கு?"

"பார்னுலேர்ந்து ஒருத்தன் கூப்பிட்டான். டிரெய்லரை எங்க நிறுத்தறதுன்னு கேட்டான்."

இம்பியின் முள்கரண்டி உருளைக்கிழங்கில் குத்தியபடி நின்றது. ஒரு கணம்தான். பிறகு அந்தக் கிழங்கை இரண்டாகப் பிளந்தாள்.

"நீ என்ன சொன்னே?"

"கைபேசி விறகுல விழுந்துடுச்சு."

"ஆமா, நான்தான் போட்டேன்" என்றாள் இம்பி. தலை நிமிர்ந்துதான் இருந்தது. ஆனால் காது மடல்கள் சிவந்துவிட்டன. "போலீஸ்ல சொல்றதுன்னா சொல்லிக்கோ."

"கேட்டிருக்கலாமே கிழவி."

"கேட்டா போட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

கல்யோவுக்கு அதில் எந்த ஓட்டையும் தெரியவில்லை. ரொட்டியை எடுத்து வெண்ணெய் தடவினார். கோபம் வரவேண்டிய நேரம் என்று அவருக்குத் தெரியும். வந்தது, ஆனால் எதிரே அந்தச் சிவந்த காதுகளைப் பார்த்ததும் பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஏன்?"

"ஆகஸ்ட்ல கார்த்லாவுக்குப் போனியே, கயிறு வாங்கப் போறேன்னு. கயிறு எங்க?"

கல்யோ வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தார்.

"உன் மாத்திரை வாங்கறப்ப கார்டைப் போட்டு உன் மருத்துவப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். டாக்டரம்மா எழுதி வச்சிருக்கா. கடலில் தனியாக இருந்தபோது நெஞ்சுவலி. வலையின் மேல் படுத்துக் கிடந்ததாகச் சொல்கிறார். வலி குறைந்த பிறகு தானே படகைக் கரைக்கு ஓட்டி வந்தாராம். கயிறு வாங்கினவனைப் பத்தி எழுதற மாதிரியா இருக்கு? எங்கிட்ட என்ன சொன்னே? இன்ஜின் மக்கர் பண்ணுச்சுன்னே."

"ஒரு வகைல இன்ஜின்தானே" என்றார் கல்யோ, நெஞ்சைத் தட்டிக் காட்டி.

"சிரிக்காதே!" தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். "அன்னைக்கு நான் கரைல நின்னுக்கிட்டிருந்தேன், நெனப்பிருக்கா? கையில உன் மேல்கோட்டு. வரமாட்டேங்கறானேன்னு. உன் இன்ஜினைத் திட்டிக்கிட்டு நின்னேன். நீ வலைமேல செத்துக்கிட்டு இருந்திருக்கே, நான் இரும்பைத் திட்டிக்கிட்டிருந்திருக்கேன். இன்னொரு தடவை அப்படி நிக்க என்னால ஆகாது கல்யோ."

அவள் பேர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம்.

கல்யோ ரொட்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். நான் சொல்லாமல் மறைத்ததை என் கார்டு சொல்லிவிட்டது. நான் செய்யாததையும் என் கார்டு செய்துவிட்டது என்று நினைத்தார்.

"உன் கையெழுத்து மட்டும் பாக்கி இருக்காமே" என்றார் மெதுவாக.

"யார் சொன்னா? திரீனுவா? அவ வாயில மீனைத் திணிச்சிருக்கணும்." இம்பி தட்டுகளை அடுக்கினாள், தேவைக்கு மேல் சத்தம் போட்டு. "சனிக்கிழமை அந்த ஆள் வரட்டும். போடறேன்."

"ஏன் செவ்வாய்க்கிழமையே போடல?"

தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். பதில் வந்ததோ இல்லையோ, தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை வந்தது.

டிரெய்லர் புல்தரையைக் கிழித்துக்கொண்டு இறங்குதுறை வரைக்கும் வந்தது. வெய்கோ இறங்கினான். நாற்பது வயது, சிவப்பு ரப்பர் பூட்ஸ், கக்கத்தில் மடிக்கணினி. வீட்டுப் பக்கம் திரும்புவதற்கு முன் நேராகப் படகிடம் போய், அதன் விலாவைத் தட்டிக் கொடுத்தான்.

கல்யோவுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததே என்று எரிச்சலாகவும் இருந்தது.

திரீனுவும் வந்திருந்தாள். "மீன் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க" என்றாள். செய்தித்தாளில் சுற்றிய மீனுக்கு ஏது பாத்திரம்? யாரும் கேட்கவில்லை.

சமையலறை மேசையில் வெய்கோ மடிக்கணினியைத் திறந்து, கார்டு ரீடரைச் செருகினான். இம்பி காபி ஊற்றினாள். யாருக்கும் சர்க்கரை வேண்டுமா என்று கேட்கவில்லை.

"ஒரு சம்பிரதாயத்துக்குக் கேக்கறேன்" என்றான் வெய்கோ. "போன்ல அன்னைக்கு நீங்க கொஞ்சம் குழம்பின மாதிரி இருந்துச்சு. இது உங்க கையெழுத்துதானே சார்?"

திரீனு கோப்பையைப் பார்த்தாள். இம்பி கல்யோவைப் பார்த்தாள்.

ஒரே ஒரு வார்த்தை. 'இல்லை' என்றால் படகு கரையிலேயே இருக்கும்.

"என்னோடதுதான்" என்றார் கல்யோ. "வேற யாரோடதா இருக்கும்? பேரு போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா?"

இம்பி காபி ஜாடியை அடுப்பின்மேல் வைத்தாள்.

"நல்லது. என்னோடதும் இருக்கு. இனிமே மேடம் மட்டும்தான்." வெய்கோ ரீடரை அவள் பக்கம் நகர்த்தினான். உற்சாகம் தாங்கவில்லை அவனுக்கு. "நீங்க வந்து பாக்கணும் மேடம். பார்னு கடற்கரையில எங்க விடுதி. தோட்டத்துக்கு நடுவுல வைக்கப் போறோம். நீளவாக்குல அறுத்து, ஒரு பாதி பீர் பரிமாறுற மேசை, இன்னொரு பாதி குழந்தைங்க சறுக்கி விளையாட. பேரை மட்டும் அழிக்கமாட்டோம். 'விலாங்கு பார்'. எப்படி?"

கல்யோவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அவர் கன்னத்தில் ஒரு நரம்பு மட்டும் துடித்ததை இம்பி பார்த்தாள்.

"அறுத்தா?" என்றாள்.

"ரம்பத்தால மேடம். பழைய ஓக் மரம், சுலபமா அறுபடாது."

"எங்க விளம்பரத்துக்குப் பதில் எழுதினப்ப பழைய படகு மேல உயிரா இருக்கறவன்னு சொன்னீங்களே."

"உயிர்தான் மேடம்!"

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

இம்பி நீல டப்பாவைத் திறந்து தன் கார்டை எடுத்தாள். ரீடரில் செருகினாள். திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து, கையெழுத்துக்கான பின் நம்பரைக் கேட்டது. விரல்கள் மளமளவென்று அடித்தன.

தவறான எண். இன்னும் இரண்டு வாய்ப்புகள்.

"அவசரம்" என்றாள் இம்பி.

"மெதுவா அடிங்க மேடம்."

மெதுவாக அடித்தாள். ஒவ்வொரு எண்ணாக.

தவறான எண். இன்னும் ஒரு வாய்ப்பு.

கல்யோ நிமிர்ந்து உட்கார்ந்தார். எண்களை மறக்கத் தெரியாதவள். மருந்துக்கடைக்குப் பழைய கணினி வந்த நாளிலிருந்து இன்று வரை ஒரு கடவுச்சொல்லைக்கூட எழுதி வைக்காதவள்.

திரீனு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கல்யோ மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார்.

இம்பி மூன்றாவது முறை அடித்தாள். அடிக்கும்போது திரையைப் பார்க்கவே இல்லை.

கார்டு பூட்டப்பட்டது.

"அடடா" என்றாள் இம்பி. அந்த 'அடடா'வில் ஒரு சொட்டு வருத்தம் இல்லை.

"பரவாயில்ல" என்றான் வெய்கோ. "பூட்டைத் திறக்கற எண் ஒண்ணு, கார்டு வந்த உறைல இருக்குமே."

"எங்கயோ வச்சேன். நெனப்பில்ல."

கல்யோவுக்கு நன்றாக நினைவிருந்தது. ரொட்டி டப்பாவுக்குக் கீழே.

"எலி தின்னிருக்கும்" என்றார்.

"எங்க வீட்ல எலியா?" இம்பி அவரை முறைத்தாள். உடனே சுதாரித்துக்கொண்டாள். "ஆமா. பெரிய எலி."

வெய்கோ மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தான்.

"பேனாவால போட்டாலும் போதும் மேடம். ரெண்டுக்கும் ஒரே மதிப்புதான். வண்டியில பிரின்ட் எடுத்த காகிதம் இருக்கு." திரீனுவைப் பார்த்தான். "செல்லும்தானே மேடம்? நீங்க வக்கீலாச்சே."

திரீனு பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். முடியவில்லை.

"செல்லும்" என்றாள்.

வெய்கோ ஓடிப்போய்க் காகிதத்தைக் கொண்டுவந்தான். மேசைமேல் விரித்தான். கடைசி வரி காலியாக இருந்தது.

இம்பி பேனாவை எடுத்தாள்.

இப்போது எந்தக் கட்டமும் இல்லை, எந்தப் பூட்டும் இல்லை, தப்பாக அடிக்க ஒரு எண்கூட இல்லை. தன் பெயரைத் தப்பாக எழுத யாராலும் முடியாது. கல்யோ சன்னலுக்கு வெளியே பார்த்தார். 'விலாங்கு' லேசாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. போட்டுவிடு என்று சொல்லவும் அவரால் முடியவில்லை. போடாதே என்று சொல்லவும் முடியவில்லை. ஆகஸ்ட் மாதத்தில் மேல்கோட்டோடு கரையில் நின்றவளிடம் அவர் எந்த முகத்தோடு கேட்பார்?

பேனா காகிதத்தைத் தொட்டது. ஒரு புள்ளி விழுந்தது.

அவ்வளவுதான். புள்ளிக்கு மேல் நகரவில்லை.

"வரல" என்றாள் இம்பி.

"பேனாவா?"

"பேனா நல்லாத்தான் எழுதுது. எனக்குத்தான் கை வரல. செவ்வாய்க்கிழமையும் வரல." பேனாவை மூடி வைத்தாள். "போடமாட்டேன் தம்பி. மன்னிச்சுக்கோ. இந்தப் படகை விக்கறதுல எனக்குச் சம்மதமில்ல."

வெய்கோவின் முகம் சுருங்கியது. "அப்ப உங்க வீட்டுக்காரர் ஏன் போட்டாரு?"

கேட்கக் கூடாத கேள்வி வந்துவிட்டது. இம்பியின் காதுகள் சிவந்தன. அவள் வாயைத் திறப்பதற்குள் கல்யோ முந்திக்கொண்டார்.

"தப்பு என்னோடது. அவளைக் கேக்காம போட்டுட்டேன். இந்த வீட்ல அப்படி ஒரு கெட்ட பழக்கம் இருக்கு தம்பி, ஒருத்தரைக் கேக்காம ஒருத்தர் கையெழுத்துப் போடறது. இனிமே விட்டுடறோம்."

இம்பி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகையா சிரிப்பா என்று வெய்கோவுக்குத் தெரியவில்லை. கல்யோவுக்குத் தெரிந்தது. இரண்டும்தான்.

வெய்கோ மோசமானவன் இல்லை. மடிக்கணினியை மூடினான். கப்பலுக்கு நேரமாகிறது என்றான். கல்யோ புகையடுப்பிலிருந்து நான்கு நாக்குமீன்களை எடுத்து, இந்த முறை நன்றாக வெந்ததாகப் பார்த்து, அவன் கையில் திணித்தார். வடக்கே ஒரு கொட்டகையில் பாதி அழுகிய படகு ஒன்று கிடக்கிறது, அறுத்தாலும் அதற்கு வலிக்காது என்று வழியும் சொன்னார். காலி டிரெய்லர் கடகடவென்று ஆடிக்கொண்டே போனது.

திங்கட்கிழமை, கார்த்லா. இருவரும் அடையாள அட்டைச் சேவை மையத்தில் வரிசையில் நின்றார்கள். இம்பி தன் கார்டின் பூட்டைத் திறந்துகொண்டாள். கல்யோ, வாழ்க்கையில் முதல் முறையாக, தானே தனக்கு ஒரு பின் நம்பர் வைத்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்றாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண். "மனைவிகிட்டயும்."

"அவகிட்ட முக்கியமா சொல்லமாட்டேன்" என்றார் கல்யோ. "படகை வித்துடுவா."

"கிழவா, வாயை மூடு!"

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்து வைத்தாள்.

அன்று மாலை இம்பி சாப்பாட்டு மேசையில் கணினி திறந்திருப்பதைப் பார்த்தாள். கல்யோ ரீடர்மேல் குனிந்து, ஒரு கையால் மறைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எண்ணாகக் குத்திக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை.

"என்ன பண்றே?"

"கிட்ட வராதே. ரகசியம்." கடைசி எண்ணைக் குத்தினார். பச்சை டிக் வந்தது. நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். "உனக்கு அனுப்பியிருக்கேன். பார்."

நான்கே வரி. 'கல்யோ இனிமேல் தனியாகக் கடலுக்குப் போகமாட்டார். மாத்திரை சட்டைப்பையில் இருக்கும். நெஞ்சு வலித்தால் இன்ஜின் என்று சொல்லமாட்டார். கடலுக்குப் போகும்போதெல்லாம் இம்பி கூட வருவாள்.'

இம்பி இரண்டு முறை படித்தாள். கடைசி வரியில் கண் நின்றது.

"நான் கூட வரணுமா? எனக்குக் கடல்ல குமட்டும்னு தெரியாதா உனக்கு? பெரிய கப்பல்ல போனாலே வாந்தி எடுக்கறவ நான். முப்பது வருஷத்துல ஒரு தடவை அந்தப் படகுல கால் வச்சிருக்கேனா?"

"அதனாலதான் எழுதினேன்."

"அந்த வரியை எடுத்துடு."

"முடியாதே. நான் கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே ஒரு எழுத்தைத் தொட்டாலும் கையெழுத்து செல்லாமப் போயிடும். திரீனுகிட்ட கேட்டுட்டுத்தான் போட்டேன்."

"இதெல்லாம் ஒரு ஒப்பந்தமா? கோர்ட்ல நிக்குமா?"

"கைப்பட எழுதினதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையாம். உன் கையெழுத்து இல்லாட்டிச் செல்லாது, அவ்வளவுதான்." கல்யோ கைகளைக் கட்டிக்கொண்டார். "நான் கேக்காம போடல பாரு. கேக்கறேன்."

இம்பி நீல டப்பாவை இழுத்தாள். கார்டைச் செருகினாள்.

"திரும்பு அந்தப் பக்கம்."

கல்யோ திரும்பிக்கொண்டார். விரல்கள் மளமளவென்று அடிக்கும் சத்தம் கேட்டது. ஒரே முறைதான் அடித்தாள்.

அந்த வாரமே காற்று ஓய்ந்த ஒரு காலையில் 'விலாங்கு' கரையை விட்டு நகர்ந்தது. வழக்கமாக ஒரு தலை தெரியும் படகில் அன்று இரண்டு தலைகள். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். பின்பக்கம் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைக்குள் பாதி புதைந்து போய் இம்பி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு வாளி. முகம் வெள்ளரிக்காய் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

முனையைத் தாண்டியதும் அலை கொஞ்சம் பெரிதாயிற்று. இம்பி வாளிக்குள் குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

கல்யோ இன்ஜினைத் தணித்தார். "திரும்பிடலாமா கிழவி?"

இம்பி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவர் சட்டைப்பையைத் தொட்டு மாத்திரை இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

"கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றாள். "ஓட்டு."